கீசர் முனகுகிறதா? வாசகர் கேள்விகளுக்கு ஒரு மெக்கானிக்கின் பதில்கள்

கார்த்திகை பிறந்துவிட்டால் போதும், எனக்குக் கடிதங்கள் குவியும். சித்திரையில் கீசரைப் பற்றி ஒருவரும் நினைப்பதில்லை. சும்மா கிடக்கும் அந்த ஆறு மாதத்திலும் அதற்குள் அரிக்கிற வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: கோவை கணபதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை ஒன்றில் 1988-ல் எடுபிடியாகச் சேர்ந்தேன். அப்புறம் கீசர் பக்கம் வந்து, அதிலேயே தங்கிவிட்டேன். இப்போது முழங்கால் வலி. ஏணியில் ஏறுவது மகன், கீழே நின்று திட்டுவது நான்.

கே: எங்கள் 25 லிட்டர் கீசர் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. சுவிட்ச் போட்டால் சோறு கொதிக்கிற மாதிரி 'களக் களக்' என்று சத்தம் வருகிறது. முன்பு மூன்று பேர் குளித்த வெந்நீர் இப்போது ஒருவருக்கே பற்றவில்லை. பார்க்க வந்தவர், 'காயில் போச்சு, புதுசு வாங்கிடுங்க' என்கிறார். எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். என்ன செய்வது?
*வாசகி, சூலூர்*

புதிது வாங்காதீர்கள் அம்மா. குறைந்தபட்சம் திறந்து பார்க்கிற வரைக்கும் வாங்காதீர்கள். காயில் என்பது உள்ளே தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச்சுருள். அது போயிருந்தால் தண்ணீர் சூடே ஆகாது. உங்களுக்கு ஒருவர் குளிக்கிற அளவுக்காவது சூடாகிறது. ஆக, காயில் உயிரோடு இருக்கிறது.

சத்தம் எதனால் என்றால், உங்கள் போர் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு. சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும், இது நேர்மாறு. சூடு ஏற ஏறக் கரைந்த நிலையிலிருந்து பிரிந்து, எது அதிகச் சூடாக இருக்கிறதோ அதன்மேல் போய் ஒட்டும். கீசருக்குள் அதிகச் சூடான இடம் காயில். அதனால் காயில்மேல் முதலில் வெள்ளைப் பொடி, அப்புறம் தோசைக்கல் கருகல் மாதிரி ஒரு தோல், மூன்று வருடத்தில் கல். அந்தக் கல்லுக்கு அடியில் மாட்டிக்கொண்ட நீர் ஆவியாகி வெளியே வரத் திணறுகிறது. நீங்கள் கேட்பது அந்தச் சத்தம்தான். நான் திறந்த சில டேங்குகளில் காயிலே தெரியாது. வெள்ளைக் கற்களை அள்ளிப் போட்டால் அரை பக்கெட் நிறையும்.

இங்கே ஒரு தவறான பேச்சைத் திருத்தவேண்டும். சுண்ணாம்பு பிடித்தால் கீசர் கரண்ட் அதிகமாக இழுக்கும் என்று எங்கள் தொழிலிலேயே பலர் சொல்வார்கள். இழுக்காது. 2000 வாட் காயில், கல் பிடித்தாலும் 2000 வாட்தான். அந்தச் சூடு எப்படியும் தண்ணீருக்குத்தான் போய்ச் சேரும். நடப்பது வேறு. டேங்கின் அடியில் கல் சேரச் சேரத் தண்ணீருக்கு இடம் குறைகிறது. காயிலுக்குப் பக்கத்திலேயே தெர்மோஸ்டாட்டின் குழல் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கல் பிடித்துக்கொண்டால், காயிலின் சூடு நேராகத் தெர்மோஸ்டாட்டுக்குப் போகும். மேலே தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே 'ஆச்சு' என்று அது அணைத்துவிடும். உங்களுக்கு வெந்நீர் குறைவது இப்படித்தான். சூட்டை வெளியே விடமுடியாமல் காயிலின் உறை ஒருநாள் வெடிக்கும். அன்றைக்குத்தான் நிஜமாகக் காயில் போகும்.

சரி, செய்யவேண்டியது: நல்ல மெக்கானிக்கை அழைத்து டேங்கைத் திறக்கச் சொல்லுங்கள். கீசர் சுவிட்சை அணைத்தால் போதாது, மெயின் போர்டில் அதற்குரிய எம்.சி.பி. என்ற பாதுகாப்புச் சுவிட்சையும் இறக்கவேண்டும். தண்ணீர் வரும் வால்வை மூடி, டேங்கை வடித்துவிட்டு, அடியில் இருக்கும் தட்டைக் கழற்றினால் காயிலும் தெர்மோஸ்டாட் குழலும் அனோடு ராடும் ஒன்றாகக் கையில் வரும். காயிலைச் சுத்தியலால் தட்டவிடாதீர்கள், உறை விரிசல் விடும். வெதுவெதுப்பான நீரில் எலுமிச்சை உப்பைக் கரைத்து (மளிகைக் கடையில் கிடைக்கும், ஊறுகாய்க்குப் போடுவார்களே அதுதான்) இரண்டு மூன்று மணி நேரம் ஊற வையுங்கள். நுரைத்துக்கொண்டே கல் கழலும். கக்கூஸ் கழுவும் ஆசிட் பாட்டிலோடு ஒருவர் வந்தால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். அது கல்லோடு சேர்த்துக் காயிலின் உறையையும் தின்றுவிடும்.

இப்போது அந்த அனோடு ராடு. ஒரு கீசரின் ஆயுள் இதில்தான் இருக்கிறது, ஆனால் வாங்கும்போது கடைக்காரர் வாயிலிருந்து இந்தப் பெயரே வராது. விரல் தடிமனில், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக, ஒரு மக்னீசியம் கம்பி. டேங்கின் உட்புறம் கண்ணாடிப் பூச்சு இருக்கும். பூச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் எங்காவது ஊசிமுனை ஓட்டை இருக்கும், அங்கே இரும்பு தண்ணீரைத் தொடும். மக்னீசியம் இரும்பைவிடச் சீக்கிரம் அரிபடும் உலோகம். அது உள்ளே இருக்கும்வரை, துருப்பிடிக்கும் வேலையை அது வாங்கிக்கொள்ளும், இரும்பு தப்பிக்கும். கம்பி கரைந்து தீர்ந்த மறுநாளிலிருந்து தண்ணீர் டேங்கைத் தின்ன ஆரம்பிக்கும். என் பட்டறைச் சுவரில் பழைய அனோடு ராடுகளை வரிசையாக ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் நான்கு வருடம் இருந்தது பென்சில் அளவுக்கு மிஞ்சியிருக்கிறது. போர் தண்ணீரில் இருந்தது ஒன்று, பதினெட்டு மாதத்தில் நடுவில் இருக்கும் இரும்புக் கம்பி மட்டும் மிச்சம். வருகிறவர்களுக்கு அதைக் காட்டிவிட்டால், நான் பேசவேண்டிய அவசியமில்லை.

சில நூறு ரூபாய்ப் பொருள். உங்கள் தண்ணீருக்கு வருடத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள், பாதிக்குமேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள். தட்டைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் ரப்பர் கேஸ்கெட் புதிது போடவேண்டும். பழையதைத் திருப்பிப் போட்டால் ஒரு வாரத்தில் கசியும். மூடியபின் குழாயைத் திறந்து, காற்று வெளியேறித் தண்ணீர் தடையில்லாமல் கொட்டுகிறதா என்று பார்த்துவிட்டுச் சுவிட்ச் போடுங்கள்.

டேங்கே ஒழுகினால் மட்டும் புதிது வாங்குங்கள். அதை வெல்டிங் வைத்துச் சரிசெய்கிறேன் என்பவரை நம்பவேண்டாம். வெல்டிங் சூட்டில் சுற்றியிருக்கும் கண்ணாடிப் பூச்சு உதிர்ந்துவிடும், அடுத்த ஓட்டை பக்கத்திலேயே விழும்.

கே: கீசர் ஓடும்போது அடியில் இருக்கும் வால்விலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறது. வால்வை எம்-சீல் போட்டு அடைத்துவிடலாம் என்று பிளம்பர் சொல்கிறார். செய்யலாமா?
*வாசகர், மதுரை*

கூடவே கூடாது ஐயா. கீசரில் இருக்கும் சாமான்களிலேயே உயிரைக் காக்கும் சாமான் அதுதான்.

தண்ணீர் சூடானால் விரியும். 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது நூற்றுக்கு ஒன்றரை பங்கு அளவுக்கு விரிகிறது. உங்கள் கீசர் 25 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய ஒன்றரை டம்ளர். வந்த வழியே திரும்பிப் போகமுடியாதபடி அதே வால்வுக்குள் ஒரு தடுப்பு இருப்பதால், அந்த ஒன்றரை டம்ளர் சொட்டிச் சொட்டி வெளியே வருகிறது. சூடாகும்போது மட்டும் சொட்டினால் வால்வு ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். ஒரு சிறு குழாய் மாட்டிக் கழிவுநீர்த் துளைக்கு இறக்கிவிடுங்கள், தலையில் விழாது.

கீசர் அணைந்திருக்கும்போதும் சொட்டிக்கொண்டே இருந்தால் விஷயம் வேறு. வால்வு மூடி உட்காரும் இடத்தில் மண் மாட்டியிருக்கலாம். அதன் சின்ன நெம்புகோலைத் தூக்கி இரண்டு முறை தண்ணீரைப் பீச்சவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்கும் நிற்கவில்லையென்றால் வீட்டில் பிரஷர் பம்பு இருக்கிறதா என்று பாருங்கள். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்குப் பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம்தான். பம்பு வைத்தால் அது எங்கோ போய்விடும். அப்போது குழாயில் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்று வேண்டும்.

தெர்மோஸ்டாட்டும் கெட்டு, இந்த வால்வையும் அடைத்து வைத்தால், அந்த டேங்க் ஒரு மூடிய குக்கர். விசிலுக்குப் பதிலாக எம்-சீல். உங்கள் பிளம்பரிடம் அப்படியே சொல்லுங்கள்.

கே: இரண்டு நாளாக ஷவர் குழாயைத் தொட்டால் லேசாக 'ஜிவ்'வென்கிறது. கீசரை அணைத்தால் இல்லை. செருப்புப் போட்டுக் குளித்தால் தெரியவில்லை. கீசரை மாற்றவேண்டுமா?
*வாசகர், திருப்பூர்*

இதைப் படிக்கும்போதும் அந்தக் கீசர் மாட்டித்தான் இருக்கிறது என்றால், பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டுப் போய் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு வாருங்கள் தம்பி. செருப்புப் போட்டுக் குளிக்கிற யோசனை வேண்டாம்.

உங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு கோளாறு இருக்கிறது. ஒன்று, காயிலின் உறையில் எங்கோ ஊசித்துளை விழுந்து, மின்சாரம் தண்ணீருக்குள் கசிகிறது. இது எந்தக் கீசரிலும் வரக்கூடியது, காயிலை மாற்றினால் போய்விடும். இரண்டாவதுதான் பெரிது: வீட்டில் எர்த் இல்லை, அல்லது எங்கோ அறுந்திருக்கிறது. எர்த் சரியாக இருந்திருந்தால் கசிந்த மின்சாரம் அந்த வழியாக மண்ணுக்குப் போயிருக்கும். அது இல்லாததால் உங்கள் உடம்பு வழியாகப் போகிறது. நீங்கள் புதுக் கீசரே வாங்கி மாட்டினாலும், எர்த் சரியில்லாமல் அதை மாட்டினால் நாலு வருடம் கழித்து இதே கடிதத்தைத்தான் எழுதுவீர்கள். எழுதுகிற நிலையில் இருந்தால்.

எம்.சி.பி. இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று கேட்பார்கள். காப்பாற்றாது. எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றுகிற சாமான். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு, ஆளைக் கொல்லும் மின்சாரம் ஒரு பொருட்டே இல்லை. ஆளைக் காப்பாற்றுவதற்கு ஆர்.சி.சி.பி. என்று தனியாக ஒன்று உண்டு, 30 மில்லி ஆம்பியர் அளவு. போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சமமாக இல்லையென்றால் கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். அதன் முகத்தில் 'டி' என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், விழவேண்டும். விழாவிட்டால் மாற்றுங்கள்.

இன்னொன்று. எர்த் இல்லாத பழைய வீடுகளில் சில எலக்ட்ரீஷியன்கள் பிளக்கின் எர்த் துளையையும் நியூட்ரலையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவார்கள். டெஸ்ட் லைட் பிடித்தால் எரியும், நமக்கும் எர்த் இருப்பதாகத் தோன்றும். எங்காவது நியூட்ரல் அறுந்தால் கீசரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும். உங்கள் வீட்டில் அப்படிச் செய்திருக்கிறார்களா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாயிரம் வாட் கீசருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், மூவாயிரம் வாட்டுக்கு 4. பவர் பிளக் கருகியிருந்தால் உள்ளே திருகு தளர்ந்திருக்கிறது. சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும்.

கோபமாக எழுதிவிட்டேன். காரணம் உண்டு. நான் தொழிலுக்கு வந்த இரண்டாவது வருடம், ஒரு வீட்டில் எர்த் ஒயர் கொஞ்சம் நீளம் போதவில்லை. மணி ஏழு. 'நாளைக்கு வந்து போட்டுக்கலாம்' என்று விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் காலை அந்த வீட்டுப் பெரியவர் குழாயைத் தொட்டு, சுவரில் மோதி விழுந்து, கை உடைந்தது. உயிர் பிழைத்தது என் அதிர்ஷ்டம். என் முதலாளி எல்லோர் முன்னாலும் ஒரு அறை விட்டார். இன்றுவரை அந்த அறை சரியென்றே நினைக்கிறேன்.

கே: சென்னையில் மகள் வீட்டில் இருந்த 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசரை ஊட்டிக்குக் கொண்டு வந்து மாட்டினோம். அங்கே கொதிக்கக் கொதிக்க வந்தது. இங்கே வெதுவெதுப்புக்குமேல் ஏறவில்லை. ரிப்பேரா?
*வாசகி, உதகமண்டலம்*

ரிப்பேர் இல்லை அம்மா, ஊர் மாறிவிட்டது. அவ்வளவுதான்.

மூவாயிரம் வாட் கீசர் வழியாக நிமிடத்துக்கு மூன்று லிட்டர் ஓடவிட்டால், தண்ணீரின் சூடு ஏறக்குறைய 14 டிகிரி கூடும். எந்தக் கம்பெனிக் கீசரானாலும் இதே கணக்குதான். சென்னைத் தொட்டித் தண்ணீர் மார்கழியிலும் 26, 28 டிகிரி இருக்கும். 14 கூட்டினால் 42, சுகமான குளியல். ஊட்டியில் ஜனவரி காலையில் தொட்டித் தண்ணீர் 10 டிகிரி இருந்தால்? 24. அது சென்னைக்காரர் பச்சைத் தண்ணீர் என்பாரே, அதைவிடக் குறைவு. குழாயைப் பாதியாக மூடினால் சூடு கூடும், ஆனால் நூல் மாதிரி வரும்.

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல், ஏற்காட்டுக்கு டேங்க் கீசர்தான் சரி, அதுவும் 25 லிட்டர். 60 டிகிரிக்குச் சூடான 25 லிட்டரைக் கோவையில் பச்சைத் தண்ணீரோடு விளாவினால், 40 டிகிரியில் ஏறக்குறைய 60 லிட்டர் கிடைக்கும். ஊட்டியில் அதே 25 லிட்டர் 42 லிட்டரோடு முடிந்துபோகும். இது தாளில் போட்ட கணக்கு, நிஜத்தில் இன்னும் கொஞ்சம் குறையும். சூடாகும் நேரமும் கோவையில் அரை மணி என்றால் உங்களுக்கு முக்கால் மணி.

உங்கள் தெருவில் வோல்டேஜ் எப்படி என்றும் பாருங்கள். 230-க்குப் பதில் 180 வந்தால் 2000 வாட் கீசர் 1200 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும். கீசர்மேல் பழி போடுவதற்கு முன்னால் லைட் மங்குகிறதா என்று பார்ப்பது நல்லது.

கே: ஐந்து நட்சத்திரக் கீசர் வாங்கினால் கரண்ட் பில் பாதியாகுமா?
*வாசகர், சேலம்*

ஆகாது. ஒரு லிட்டரைச் சூடாக்கும் மின்சாரம் எல்லா டேங்க் கீசருக்கும் ஒன்றுதான். அந்த நட்சத்திரம் வேறொன்றை அளக்கிறது: சூடான தண்ணீரை 24 மணி நேரம் சும்மா வைத்திருந்தால் எவ்வளவு சூடு வீணாகிறது என்பதை. நாள் முழுக்கப் போட்டுவைக்கும் விடுதி, மருத்துவமனைக்கு அது பெரிய வித்தியாசம். காலையில் அரை மணி நேரம் போட்டு, குளித்துவிட்டு அணைக்கிற வீட்டுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. 25 லிட்டரை ஒருமுறை சூடாக்க ஒரு யூனிட். தினம் இரண்டு முறை என்றால், மின்வாரிய ரீடிங் எடுக்கும் இரண்டு மாதத்தில் 120 யூனிட். பில்லைக் குறைக்க வேண்டுமென்றால் எல்லோரும் அடுத்தடுத்துக் குளியுங்கள். ஒருவர் ஆறு மணிக்கு, ஒருவர் ஒன்பதரைக்கு என்று இருந்தால் எந்த நட்சத்திரமும் உதவாது.

கே: போன வருடம் ஒரு பதிலில், 'தெர்மோஸ்டாட்டை 50 டிகிரியில் வையுங்கள், சுண்ணாம்பு குறைவாகப் படியும்' என்று எழுதியிருந்தீர்கள். நான் செவிலியர். வெதுவெதுப்பான தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும். 1976-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு விடுதியில் கூடியவர்களுக்கு நிமோனியா வந்து பலர் இறந்தபிறகுதான் அந்தக் கிருமியே கண்டுபிடிக்கப்பட்டது. 60 டிகிரியில் வைப்பதுதான் பாதுகாப்பு. திருத்தி எழுதுவீர்களா?
*வாசகி, திருச்சி*

எழுதுகிறேன் சகோதரி. நான் காயிலின் பக்கம் நின்று எழுதினேன், நீங்கள் நுரையீரலின் பக்கம் நின்று எழுதுகிறீர்கள். கடிதம் வந்தபிறகு எனக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவரிடமும் கேட்டேன். இருபதிலிருந்து நாற்பத்தைந்து டிகிரி வரை அந்தக் கிருமிக்குக் கொண்டாட்டம், அறுபதில் செத்துவிடும், ஷவரிலிருந்து வரும் நீர்த்துளியை மூச்சில் இழுப்பதால்தான் தொற்றுகிறது என்றார். எனவே போன வருடம் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன்: தெர்மோஸ்டாட்டை 60-ல் வையுங்கள். அதனால் சுண்ணாம்பு கூடுதலாகப் படியும். படியட்டும், சுத்தம் செய்துகொள்ளலாம்.

வெளியூர் போய்ப் பல நாள் கழித்து வந்தால், டேங்கை நன்றாகச் சூடாக்கி, குழாயைத் திறந்து பழைய தண்ணீரை ஓடவிட்டுவிட்டு அப்புறம் குளியுங்கள்.

குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். பக்கெட்டில் எப்போதும் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர். பாட்டிமார் விளாவுகிற முறையே வேறு, அவர்கள் வெந்நீரை ஊற்றிப் பச்சைத் தண்ணீரைக் கலப்பார்கள். அந்த இடைவெளியில்தான் குழந்தை கையை விடும்.

கே: புதுக் குடித்தனம். வீட்டுக்காரர் குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் வைத்திருக்கிறார். ஜன்னல் இல்லை. குளிரென்று கதவை இறுக மூடிக் குளிப்போம். என் மனைவிக்குக் குளித்து வரும்போதெல்லாம் தலை சுற்றுகிறது. பிரஷர் குறைவாக இருக்கும் என்று நினைத்தோம். கீசருக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?
*வாசகர், ஓசூர்*

இருக்கும். இன்றிலிருந்து அதைப் பற்றவைக்காதீர்கள்.

ஒரு பங்கு சமையல் கேஸ் எரிய இருபத்தைந்து முப்பது பங்கு காற்று வேண்டும். மூடிய சின்ன அறையில் அந்தக் காற்று சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, இருமலும் வராது. கேஸ் கசிந்தால் ஒரு நாற்றம் வருமே, அது கசிவைக் காட்டிக்கொடுக்கவென்று சேர்த்தது. எரிந்தபின் வரும் இந்த விஷத்தில் அது இருக்காது. மூச்சில் போனால் ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரும் இடத்தில் இது உட்கார்ந்துகொள்ளும். முதலில் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல். அடுத்தது மயக்கம். குளியலறையில் தாழ்ப்பாள் போட்டிருந்தால் வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஓசூர், பெங்களூர்ப் பக்கம் குளிர்காலச் செய்தித்தாளைப் புரட்டினால் இப்படிப்பட்ட சாவுச் செய்தி கண்ணில் படும்.

உங்கள் மனைவியை உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வீட்டில் கேஸ் கீசர் இருப்பதையும் ஜன்னல் இல்லாததையும் மறக்காமல் சொல்லுங்கள். இதைச் சொல்லாவிட்டால் அவரும் பிரஷர் மாத்திரைதான் எழுதுவார்.

கீசரையும் சிலிண்டரையும் வெளியே, நாலு பக்கமும் காற்றோடும் பால்கனியிலோ பின்கட்டிலோ வைத்து, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டு வரலாம். எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுத் தருகிறேன் என்று வீட்டுக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கரண்ட் போன அன்றைக்கு ஃபேன் நிற்கும், கீசர் எரியும்.

கே: பொள்ளாச்சிக்குப் பக்கம் தோட்டத்து வீடு. சோலார் வாட்டர் ஹீட்டர் வைக்கலாமென்று இருக்கிறோம். தட்டு மாதிரி ஒன்று, கண்ணாடிக் குழாய் மாதிரி ஒன்று என்று இரண்டு காட்டுகிறார்கள். போர் தண்ணீர், உப்பு அதிகம். எதை வாங்க?
*வாசகர், பொள்ளாச்சி வட்டம்*

உங்கள் தண்ணீருக்குக் கண்ணாடிக் குழாய். தட்டு வகைக்குள் விரல் தடிமன் செம்புக் குழாய்கள் ஓடும். உப்புத் தண்ணீரில் அவை ரத்தக்குழாய் மாதிரி அடைத்துக்கொள்ளும். கண்ணாடிக் குழாய் அகலமானது. சுண்ணாம்பு அடியில் விழுந்து கிடக்கும், வருடத்துக்கு ஒருமுறை கழற்றிக் கொட்டிவிடலாம். சிறுவாணி மாதிரி நல்ல தண்ணீர் இருந்தால் நான் தட்டையே சொல்வேன், அது அவ்வளவு சுலபமாக உடையாது.

கண்ணாடிக்கு இரண்டு எதிரிகள். ஒன்று, வெயிலில் காய்ந்த வெறும் குழாயில் மத்தியானம் தண்ணீர் விடுவது. பட்டென்று விரிசல் விடும். முதல்முறை நிரப்புவதானாலும், தொட்டி காலியாகி மறுபடி நிரப்புவதானாலும், விடியற்காலையில்தான். இன்னொன்று உங்கள் ஊருக்கே உரியது: தென்னை. மரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் மட்டையோ காயோ ஒன்று விழாமல் இருக்காது. நிழலும் கூடாது. தெற்குப் பார்த்து, தென்னை எட்டாத மூலையாகப் பாருங்கள்.

பச்சைத் தண்ணீர்த் தொட்டி சோலார் டேங்கைவிட உயரத்தில் இருக்கவேண்டும். இதை மறந்துவிட்டு, எல்லாம் மாட்டி முடித்தபின் தொட்டிக்கு மேடை கட்டுகிறவர்கள் ஏராளம். குளியலறை தூரமென்றால் இருபது மீட்டர் அரை அங்குலக் குழாயில் இரண்டரை லிட்டர் ஆறிய தண்ணீர் நிற்கும், தினமும் காலையில் அதுதான் முதலில் வரும். குழாய்க்கு உறை போடுங்கள். வெந்நீருக்கு சி.பி.வி.சி. குழாய்தான், சாதாரண வெள்ளை பி.வி.சி. குழாய் சூட்டில் தொய்ந்துவிடும். ஐப்பசி கார்த்திகை மூட்டத்துக்கு ஒரு மின்சாரக் காயிலும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: பாட்டி காலத்துச் செம்பு பாய்லர் ஒன்று பரணில் கிடக்கிறது. அடி ஒழுகுகிறது. எடைக்குப் போட்டுவிடலாமா? நீங்கள் கீசர்க்காரர், போடு என்றுதான் சொல்வீர்கள்!
*வாசகி, கோபிசெட்டிபாளையம்*

போடாதீர்கள் அம்மா. வெளியே சொல்லாதீர்கள், என் வீட்டுப் பின்கட்டில் அதுதான் எரிகிறது. மாடியில் கீசர் இருக்கிறது, மகனும் மருமகளும் குளிக்கிறார்கள். எனக்கும் என் வீட்டுக்காரம்மாவுக்கும் பாய்லர்தான். தென்னை மட்டையும் கொட்டாங்குச்சியும் போட்டு ஐந்தரைக்கே பற்றவைத்துவிடுவாள். நடுவில் புகைக்குழாய் ஓடுவதால் சூடு சீக்கிரம் ஏறும். ஆறு மணிக்குக் குழாயைத் திருகினால் ஆவி பறக்கும்.

அடி ஒழுகுகிறதென்றால், பெரும்பாலும் புகைக்குழாய் வந்து சேரும் இடத்தில் பற்றவைத்த ஒட்டு விட்டுப்போயிருக்கும். பாத்திரம் பற்றவைப்பவரிடம் கொடுத்தால் அரை நாள் வேலை. தண்ணீர் இல்லாமல் யாரோ நெருப்பு மூட்டியிருப்பார்கள், அதனால்தான் விட்டிருக்கும். எங்கள் வீட்டிலும் ஒருமுறை நடந்தது. மூட்டியது யாரென்று எழுதினால் இந்த இதழை அவளிடம் காட்டமுடியாது. சரிசெய்து வாங்கியதும், மேல்மூடியைத் திறந்து தண்ணீர் கழுத்துவரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தீக்குச்சியைக் கிழியுங்கள். முதல் இரண்டு நாள் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள், களிம்பு போகட்டும். வெளிப்புறத்துக்குப் புளி போதும்.